பாட்டி புடவை என்று ஒன்று இருந்ததா?

திருச்சி சின்னக்கடை வீதியிலோ என்.எஸ்.பி. ரோட்டிலோ ஒரு புடவைக் கடைக்குள் தலை நரைத்த பெண் நுழைந்தால், கடைப் பையனின் கை பெரும்பாலும் ஒரே அலமாரிக்குத்தான் போகும். "பெரியம்மாவுக்கு வயசுக்குத் தகுந்த மாதிரி டீசன்டா எடுத்துப் போடறேன்" என்பான். முன்னால் வந்து விழுவது சாம்பல், சந்தனம், வெளிர் ஊதா, மூக்குப்பொடி நிறம். கரை இருந்தும் இல்லாத மாதிரி இருக்கும். உடம்பில் பொடிப் பொடியாக ஏதோ பூ. "அந்த அரக்குல கட்டம் போட்டதைக் காட்டுப்பா" என்று கேட்டால், "பொண்ணுக்கா, மருமகளுக்கா?" என்று கேட்பான்.

பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. கூட வந்திருக்கும் பெண்ணும் மருமகளும் அதையேதான் சொல்வார்கள். நாமே கூட நம் ஓரகத்திக்கோ நாத்தனாருக்கோ எடுக்கும்போது அந்த அலமாரியைத்தான் பார்க்கிறோம். ஆகவே இது ஒரு விதி. எழுதாத விதி.

நான் காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்தவள். அரசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் எழுத்தராகக் கோப்பு பார்த்தவள். ஒரு விதியைச் சொன்னால், அது எந்த ஆணையில் இருக்கிறது, என்ன தேதி, யாருக்காகப் போட்டது என்று பின்பக்கம் புரட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்க தோஷம். 'வயசுக்குத் தகுந்த புடவை' என்கிற விதியையும் அப்படிப் புரட்டிப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உறையூரின் சாயத்தொட்டி

துணியைப் பற்றிப் பேசத் திருச்சிக்காரர்களுக்குத் தனி உரிமை உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற வணிகக் கையேடு, 'அர்காரு' என்ற ஊரின் பெயரால் வழங்கிய மெல்லிய பருத்தித் துணியைக் குறிப்பிடுகிறது. அந்த அர்காரு நம் உறையூர்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் உறையூரில் அகழாய்வு செய்தபோது, செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டி ஒன்று கிடைத்தது. புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் கண்டெடுத்த தொட்டிகளையும் அவர் சாயத்தொட்டிகள் என்றே கருதினார்.

அந்தத் தொட்டிகளில் என்ன நிறம் கலந்திருப்பார்கள்? சோழமண்டலக் கரை காலங்காலமாகப் பெயர் வாங்கியது இரண்டு நிறங்களுக்கு. இம்பூறல் என்கிற சாயவேரிலிருந்து எடுத்த சிவப்பு. அவுரியிலிருந்து எடுத்த நீலம். இரண்டும் அழுத்தமான நிறங்கள். வேரும் இலையும் பட்டையும்தான் சாயம் என்றிருந்த காலத்தில், ஒரு குடும்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் கிடைத்தது ஏறக்குறைய அதே சில நிறங்கள்தான். இருபது வயதுக்காரிக்கு ஒரு தொட்டி, அறுபது வயதுக்காரிக்கு ஒரு தொட்டி என்று சாயக்காரர் வைத்துக்கொண்டிருக்கவில்லை.

அந்தத் துணிக்கு நூல் நூற்றவர்கள் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. கணவனை இழந்த பெண்கள் நூல் நூற்றுப் பிழைத்ததைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. அதே சங்க காலத்தில், பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய புறநானூற்றுப் பாடல், கைம்பெண்ணின் உணவும் படுக்கையும் எவ்வளவு கடுமையாக இருந்தன என்று சொல்கிறது. துணியை உண்டாக்கிய கைகளுக்கு நல்ல துணி மறுக்கப்பட்ட கதை அவ்வளவு பழையது. இந்தக் கட்டுரையின் மையமும் அதுதான்.

கட்டம் யாருடையது?

இன்று கட்டம் போட்ட பருத்திப் புடவை என்றாலே 'பாட்டி புடவை' என்கிறார்கள். அப்படியானால் கட்டம் முதலில் பாட்டிகளுக்காக நெய்யப்பட்டதா?

எங்கள் காரைக்காலுக்குப் பக்கத்து ஊர் மாயவரம். அங்கே கூறைநாடு என்று ஒரு பகுதி. பருத்தியும் பட்டும் கலந்து, கட்டம் போட்டு நெய்த கூறைநாட்டுப் புடவை கல்யாணப் பெண்ணுக்கு உரியது. தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண் உடுத்தும் புடவைக்குக் 'கூறைப் புடவை' என்ற பெயர் வழங்குவது நம் எல்லோருக்கும் தெரியும். ஆக, தஞ்சாவூர்ச் சீமையில் கட்டம் என்பது மணப்பெண்ணின் அடையாளம்.

செட்டிநாட்டுக் கண்டாங்கியும் கட்டம்தான். கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு என்று அழுத்தமான நிறங்களில், கனத்த நூலில் நெய்தது. அதை வயது பார்த்து யாரும் உடுத்தவில்லை. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, மறுபடியும் இளம் பெண்கள் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். காஞ்சிபுரத்தில் சின்னச் சின்னக் கட்டம் போட்ட ஒரு வகைக்குப் 'பாலும் பழமும்' என்று பெயர். 1961இல் அதே பெயரில் படம் வந்த காலத்தில், காலேஜ் போகும் பெண்களும் அதைக் கேட்டு வாங்கினார்கள்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இன்னொன்றும் தெரியும். துலுக்க நாச்சியாருக்காக நம்பெருமாளுக்குக் கைலி சாத்துவதும் ரொட்டி அமுது செய்விப்பதும் நம் கோயிலின் வழக்கம். பட்டும் பீதாம்பரமும் சாத்திக்கொள்ளும் பெருமாளே கைலிக்கும் இடம் கொடுத்திருக்கிறார். துணிக்கு ஜாதியும் வயதும் நாம் கட்டி வைத்தவை.

மதுரைச் சுங்குடியும் அப்படியே. சௌராஷ்டிரப் பெண்கள் துணியில் ஆயிரக்கணக்கான முடிச்சுகள் போட்டு, சாயத்தில் தோய்த்து, காய்ந்த பிறகு அவிழ்ப்பார்கள். முடிச்சிருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. அரக்கு, பச்சை, நீலம், மஞ்சள் என்று எல்லாம் கண்ணைப் பறிக்கும் நிறங்கள். ஒன்பது கஜத்திலும் கிடைக்கும். திருச்சி வெயிலுக்கு அதைப் போல் சுகமான புடவை இல்லை என்று நம் தெருப் பெண்கள் மூன்று தலைமுறையாகக் கட்டிவருகிறார்கள். 2005இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. சுங்குடியும் இன்று பாட்டிமார் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆனால் பிறந்தபோது அதற்கு வயது கிடையாது.

நார்மடி

அப்படியானால் நிறமில்லாத, கரையில்லாத புடவை எங்கிருந்து வந்தது? இதற்கு விடை எல்லோருக்கும் தெரியும், சொல்லத்தான் தயக்கம். அது கைம்பெண்ணின் புடவை. நம் அக்ரகாரங்களில் அது நார்மடி. மற்ற பல சமூகங்களில் வெள்ளைப் புடவை.

இந்த விதி வயதைப் பற்றியது இல்லை என்பதற்கு ஒரு சாட்சி போதும். சகோதரி சுப்பலட்சுமி 1886இல் பிறந்தவர். பதினோரு வயதில் கல்யாணம். சிறிது காலத்திலேயே கைம்மை. அவருடைய தகப்பனார் மகளைப் படிக்க வைத்தார். 1911இல் அவர் பட்டம் பெற்றார். 1912இல் சென்னையில் இளம் கைம்பெண்களுக்காக ஓர் இல்லம் தொடங்கி அவர்களைப் படிக்க வைத்தார். அந்த இல்லத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் பாவாடை கட்ட வேண்டிய வயதுக் குழந்தைகள். எழுபது வயதுக் கைம்பெண்ணுக்கு என்ன விதியோ, அதே விதிதான் ஊரில் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கும் இருந்தது. ஆகவே நிறமில்லாத புடவை முதுமையின் உடை அல்ல. கைம்மையின் உடை.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். கணவர் உயிரோடிருந்த பாட்டிமார் என்ன உடுத்தினார்கள்? அரக்கும் மஞ்சளும் பச்சையும்தான். எங்கள் ஊர்ப் பக்கம் திருக்கடையூரில் தினமும் பார்க்கலாம். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று வருகிற தம்பதிகளில் மனைவிக்கு மறுபடியும் கூறை எடுக்கிறார்கள். எழுபத்தைந்து வயது மணப்பெண்ணுக்கு அன்றைக்கு யாரும் சாம்பல் நிறம் எடுப்பதில்லை. "வயசுக்குத் தகுந்த மாதிரி" என்ற பேச்சும் எழுவதில்லை. ஆக, நம் மரபு முதுமைக்கு நிறத்தைத் தாராளமாகவே கொடுத்திருக்கிறது. கணவர் இருந்தால் என்ற ஒரு நிபந்தனையோடு.

பிறகு எப்படி இரண்டும் ஒன்றாகக் கலந்தன? எனக்குத் தோன்றும் காரணம் எளியது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணை இருபத்தைந்து, முப்பது வயதுக்காரருக்குக் கொடுத்த காலம் அது. பெண்ணின் கல்யாண வயது பதினான்கு என்று சட்டம் வந்ததே 1929இல்தான். அத்தனை வயது வித்தியாசம் இருந்தால், வயதான பெண்களில் பெரும்பாலோர் கைம்பெண்களாகத்தான் இருப்பார்கள். வீட்டுக்கு வீடு அப்படியே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, கிழவி என்றால் வெளுத்த புடவை என்று பதிந்துவிட்டது.

சினிமாவும் அதை உறுதி செய்தது. கே.பி. சுந்தராம்பாள் தம் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்த பிறகு வெள்ளைக் கதருக்கு மாறியவர். இருபத்தைந்து வயதுதான் அப்போது. 1953இல் ஜெமினியின் 'அவ்வையார்' வந்தது. நம் தலைமுறைக்கு மூதாட்டி என்றால் அந்த உருவம்தான். அவ்வை நடந்த நடையும் பாடிய குரலும் மனதில் நின்றன. கூடவே அந்த வெளுத்த துணியும் நின்றுவிட்டது.

பிரெஞ்சுக்காரர்களின் அரைத் துக்கம்

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சுக் கதைகளில் கறுப்பு உடுத்திய கிழவிகள் நிறைய வருவார்கள். ஏன் எல்லாக் கிழவிகளும் கறுப்பு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. துக்கத்துக்கு அவர்கள் மொழியில் 'தெய்' என்று பெயர். கணவன் இறந்தால் முதலில் முழுக் கறுப்பு. குறிப்பிட்ட காலம் கழிந்ததும் 'தெமி தெய்', அதாவது அரைத் துக்கம். அப்போது சாம்பலும் வெளிர் ஊதாவும் உடுத்தலாம்.

அந்த வெளிர் ஊதாவுக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன், மலேரியாவுக்குக் கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தபோது தற்செயலாக ஒரு ஊதாச் சாயம் கிடைத்தது. ரசாயனச் சாயங்களின் காலம் அங்கே தொடங்கியது. உடனே ஐரோப்பியச் சீமாட்டிகளுக்கு அந்த நிறத்தின் மேல் மோகம். விக்டோரியா மகாராணியே 1858இல் தம் மகளின் கல்யாணத்துக்கு அந்த நிறத்தில்தான் உடுத்தினார். 1861இல் அவர் கணவர் இறந்தார். அதிலிருந்து 1901இல் தாம் இறக்கும் வரை நாற்பது வருடம் கறுப்பு. ஊதா அரைத் துக்கத்தின் நிறமாக நிலைத்தது.

அங்கேயும் கதை இதேதான். கைம்பெண்ணுக்கு விதித்த கறுப்பு, நாளடைவில் கிராமத்துக் கிழவிகளின் பொது உடையாகிவிட்டது. அங்கிருந்து நமக்கு வந்தது என்றோ, நம்மிடமிருந்து அங்கே போனது என்றோ நான் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்திருக்கிறது என்கிறேன். இப்போது அந்தக் கடை அலமாரியை மறுபடி நினைத்துப் பாருங்கள். சாம்பல், சந்தனம், வெளிர் ஊதா. பாதிப் பட்டியல் அரைத் துக்கத்தின் பட்டியலேதான்!

நைலான் வந்த கதை

கைம்பெண்ணின் புடவை முதுமையின் தலையில் விழுந்தது ஒரு பக்கம். நல்ல டிசைன்கள் எல்லாம் 'பழசு' என்று பாட்டிகளிடம் ஒதுக்கப்பட்டது இன்னொரு பக்கம். இது என் கண்ணெதிரே நடந்தது.

ஐம்பதுகளில் வாயில் புடவை வந்தது. சின்னாளப்பட்டிப் புடவை பட்டு மாதிரியே பளபளத்தது, விலையோ குறைவு. அறுபதுகளில் நைலான், நைலக்ஸ். அப்புறம் பாலியெஸ்டர். துவைத்தால் பத்து நிமிடத்தில் காயும், இஸ்திரி வேண்டாம், கஞ்சி வேண்டாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பெரிய விடுதலை. காலையில் சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்த என் போன்றவர்கள் நைலக்ஸுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அதன் மேல் பெரிய பெரிய பூக்களை அச்சடித்தார்கள். இளசுகள் அந்தப் பக்கம் போனார்கள்.

பருத்தியும் கட்டமும் கோபுரக் கரையும் யாரிடம் தங்கின? ஒன்பது கஜம் கட்டிக்கொண்டிருந்த மாமியார்களிடம். அவர்கள் மாறாமல் நின்றதால் அந்த டிசைன்கள் அவர்களுடைய பெயரிலேயே பதிவாகிவிட்டன. அவர்கள் காலத்துக்குப் பிறகு, கடைக்காரருக்கு ஒரு சந்தேகம்: பாட்டிகளுக்கு என்ன காட்டுவது? பழைய கட்டத்தை நெய்ய ஆள் குறைந்துவிட்டது. அந்தக் காலி இடத்தில்தான் வெளுத்த அலமாரி வந்து உட்கார்ந்தது.

விதிக்கு அடங்காதவர்கள்

எல்லோரும் அடங்கிப் போகவில்லை. ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். சீக்கிரமே அங்கே ஒரு நெசவுக் கூடமும் அமைத்து, பழைய புடவைகளின் கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் மறுபடி நெய்ய வைத்தார். அகலக் கரையும் எதிர் நிறமும்தான் கலாக்ஷேத்ராப் புடவையின் அடையாளம். 1945இல் அவருடைய கணவர் மறைந்தார். அதன் பிறகு நாற்பது வருடம் வாழ்ந்து 1986இல்தான் அவர் மறைந்தார். அந்த வருடங்களில் எடுத்த படங்களைப் பாருங்கள். அகலக் கரை போட்ட புடவையோடுதான் இருக்கிறார். தமிழ்நாட்டில் வயதான பெண்ணின் உடையழகைப் பற்றிப் பேசினால், முதலில் அவர் படத்தைத்தான் காட்ட வேண்டும்.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் ஒரு நீலமே இருக்கிறது. காஞ்சிபுரம் நெசவாளர் முத்துச் செட்டியார் அவருக்காக நெய்த நிறம் என்பார்கள். ஒரு நிறத்துக்கு நடிகையின் பெயர் வைக்காமல், நடு வயதைக் கடந்த ஒரு பாடகியின் பெயரை நம் ஊர் வைத்தது. அது அழுத்தமான நீலம். வெளுத்த நீலம் அல்ல.

கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் வேடிக்கை. பிரெஞ்சு மொழியில் 'மத்ராஸ்' என்றால் ஊர் மட்டுமல்ல, கட்டம் போட்ட துணியும்தான். நம் கரையிலிருந்து போன கட்டத் துணியை, கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கறுப்பினப் பெண்கள் தலைக்கட்டாகக் கட்டிக்கொண்டார்கள். தலைக்கட்டில் எத்தனை முனை நிற்கிறதோ அதை வைத்து அவள் கல்யாணமானவளா, மனம் கொடுத்தவளா, இன்னும் யாருக்கும் சொந்தமில்லாதவளா என்று தெரிந்துகொள்வார்களாம். 1853இலிருந்து புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நம் ஆட்களும் கரும்புத் தோட்டக் கூலிகளாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். குவாதலூப்பில் 1916இலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் சமையற்காரப் பெண்களின் விழா நடக்கிறது. தலை நரைத்த பெண்கள் மத்ராஸ் கட்டத்தை உடுத்தி, நகை போட்டு, பலகாரக் கூடையோடு ஊர்வலம் போவார்கள். நாம் 'பாட்டி புடவை' என்று ஒதுக்கிய கட்டம் அங்கே பாட்டிகளின் பெருமை.

பிரெஞ்சு அரசாங்கமே ஒரு காலத்தில் நம் அச்சுத் துணியைத் தடை செய்து பார்த்தது. 1686இல் போட்ட தடை 1759 வரை, எழுபத்து மூன்று வருடம் இருந்தது. பெண்கள் கேட்கவில்லை, திருட்டுத்தனமாக வாங்கி உடுத்தினார்கள். ராஜாவின் ஆணையே நிற்கவில்லை. அலமாரியின் ஆணை நிற்க வேண்டுமா?

என் கணக்கு

என் கணவர் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. அந்தப் பத்து நாளில் எனக்கு வந்த புடவைகள் பதினொன்று. ஒன்பது சாம்பல், சந்தனம், வெளிர் ஊதா. கொடுத்தவர்கள் யாருக்கும் என் மேல் அன்புக் குறைவு இல்லை. நார்மடி கட்டு என்று இந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை. பொட்டை அழி என்றும் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் காலம் மாறியிருக்கிறது. அதற்குப் போராடியவர்களுக்கு நன்றி. ஆனால் பழைய விதி முழுவதும் போகவில்லை. 'வயசுக்குத் தகுந்த' என்று பெயரை மாற்றிக்கொண்டு வாசற்படியில் நிற்கிறது.

பதினோராவது புடவை என் ஓரகத்தி கொடுத்தது. அரக்கில் மாம்பழக் கரை, சின்னக் கட்டம். "உங்க நிறத்துக்கு இதுதான் நன்னா இருக்கும்னு எடுத்தேன். கட்டறதும் கட்டாததும் உங்க இஷ்டம்" என்றாள். வயதையும் சொல்லவில்லை, நிலையையும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து எடுத்திருந்தாள். புடவை எடுக்க வேண்டிய முறை அதுதான் என்று நினைக்கிறேன். வருஷாப்திகம் முடிந்த மாதம் அதைக் கட்டிக்கொண்டு தாயார் சன்னதிக்குப் போனேன். இரண்டு பேர் உற்றுப் பார்த்தார்கள். ஒருத்தி "எங்கே எடுத்தது மாமி?" என்று கேட்டாள்.

நம் ஊரில் மிக வயதான பெண்மணி காவிரிதான். ஆடி மாதம் நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, அவளுக்குப் புடவையும் மாலையும் மஞ்சள் குங்குமமும் சீராகக் கொடுக்கிறார். அவள் வயதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

எதைப் பார்த்து எடுப்பது?

வெறும் சரித்திரத்தோடு விட்டால் என் தோழிகள் கோபித்துக்கொள்வார்கள். அனுபவத்தில் தெரிந்த சிலவற்றை எழுதுகிறேன்.

நிறத்தைக் கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் தீர்மானிக்காதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து, தோளில் போட்டு, முகத்தோடு பாருங்கள். நரைத்த தலைக்கு அழுத்தமான நிறம் எடுப்பாக இருக்கும். வெள்ளை முடியே சரிகை மாதிரி நிற்கும். அரக்கு, மயில் கழுத்து, ராமர் பச்சை, எம்.எஸ். நீலம், கத்திரிப்பூ எல்லாம் பொருந்தும். சாம்பல் உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாகச் சாம்பலும் எடுங்கள். பிடித்து எடுப்பது வேறு, ஒதுக்கப்பட்டு எடுப்பது வேறு.

கட்டம் சின்னதாக இருந்தால் உடம்பு பருமன் தெரியாது. பெரிய கட்டம் உயரமானவர்களுக்கு அழகு. 'வைர ஊசி' என்கிற மெல்லிய நெடுங்கோடு, குள்ளமானவர்களைக் கொஞ்சம் உயரமாகக் காட்டும். மயில் கண், ருத்ராட்சம் போன்றவை கரையில் இருந்தால் போதும். உடம்பு முழுக்க வேலைப்பாடு தேவையில்லை.

கரை எதிர் நிறத்தில் இருப்பது அழகுக்கு மட்டுமல்ல. பார்வை மங்கியவர்களுக்குப் புடவை எங்கே முடிகிறது, படி எங்கே தொடங்குகிறது என்று கரைதான் காட்டிக்கொடுக்கும். வாசற்படியும் கல் தளமும் உள்ள நம் ஊரில் இது முக்கியம். ஆனால் கனத்த சரிகைக் கரை கால் விரலில் மாட்டும். குள்ளமானவர்களுக்கு நான்கு விரல் அகலம் போதும்.

எடையைக் கையில் தூக்கிப் பாருங்கள். தோள்வலி உள்ளவர்களுக்குக் கோர்வைப் பட்டு பாரம். பருத்திப்பட்டோ, சுங்குடியோ, உறையூர், மணமேட்டுத் தறிப் புடவையோ சுகம். கஞ்சி பாதி போட்டால் போதும். செயற்கை இழைப் புடவை தோளிலிருந்து வழுக்கும். அடுப்படியில் அது ஆபத்தும்கூட. தீப்பிடித்தால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ரவிக்கைக்கு முன்பக்கக் கொக்கி, முழங்கை வரை கை. கை தூக்க முடிகிறதா என்று தையற்கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பீரோவின் அடித்தட்டில் அம்மாவுடையதோ மாமியாருடையதோ ஒரு பழைய புடவை இருக்கும். அதன் கட்டத்துக்கும் கரைக்கும் அவர்கள் சொன்ன பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் பெண்ணுக்குத் தெரியாது. ஒரு துண்டுக் காகிதத்தில் அந்தப் பெயரை எழுதி மடிப்புக்குள் வைத்துவிடுங்கள். முடிந்தால் எனக்கும் எழுதுங்கள். சேர்த்து ஒரு பட்டியல் போடலாம். அடுத்த தடவை கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பையனுக்குத் தெரியாவிட்டால், பின்னால் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்குத் தெரியும்.